மூலையில் ஒரு முத்திரை

கல்யாண வீட்டில் யார் பெரியவர் என்று கேட்டால், முன்பெல்லாம் பதில் சொல்வது சுலபம். பெண்ணைப் பெற்றவர் இருக்கிறார். பிள்ளையைப் பெற்றவர் இருக்கிறார். இருவரையும் அதட்டக்கூடிய சாஸ்திரிகள் இருக்கிறார். இந்தக் காலத்தில் அந்த மூவரையுமே அதட்டக்கூடிய நாலாவது ஆசாமி ஒருவர் வந்துவிட்டார். அவர் தோளில் இரண்டு காமிராக்கள் தொங்கும்.

எங்கள் உறவில் ஒரு கல்யாணம். தாலி முடிச்சு விழப் போகிற சமயம். நாகஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிவிட்டார். கையில் அட்சதையுடன் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். "ஒரு செகண்டு சார்! அந்தக் கையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை கையை இறக்கினார். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். முகூர்த்தமே ஒரு செகண்டு காத்துக்கொண்டு நின்றது!

இத்தனை அதிகாரம் படைத்த மனிதருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஊரில் நூறு பேர் காமிரா வைத்திருக்கும்போது, "அவரைத்தான் கூப்பிட வேண்டும்" என்று ஒருவரை மட்டும் நாலு வீட்டார் தேடிப் போவது எதனால்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் காரைக்குடிக்குப் பிரயாணமானேன்.

"ஏன், சென்னையில் போட்டோக்காரர்களுக்குப் பஞ்சமா?" என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற கல்யாணப் பெண்களும் பிள்ளைகளும் படம் எடுத்துக்கொள்ளத் தேடி வருகிற இடம் செட்டிநாடு. பெரிய வீடுகள் இருக்கும் இடத்தில் காமிராவும் இருக்கும். காமிரா இருக்கும் இடத்தில் போட்டியும் இருக்கும் அல்லவா?

பேர் தெரியாத தம்பதி

எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரவில் காரைக்குடி. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணத்துக்கா, வீடு பார்க்கவா?" என்பதுதான். இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு மூன்றாவது காரணம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டுக்கும்தான் என்றேன். "அப்ப சரி" என்று திருப்தியுடன் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலையில் முதல் காரியமாக முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடைகளுக்குப் பெயர் போன தெரு அது. பங்காளிகள் பெருகி, வீட்டைப் பராமரிக்க முடியாமல் பிரித்து விற்கும்போது, அந்த வீடுகளின் உடலும் உள்ளமும் இங்கேதான் வந்து சேருகின்றன. தேக்குத் தூண்கள், நிலைக் கதவுகள், எனாமல் தூக்குகள், பர்மாவின் அரக்குப் பெட்டிகள், ரவி வர்மா லட்சுமிகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஒரு கடையின் உட்சுவரில் ஒரு கல்யாண போட்டோ சாத்தி வைத்திருந்தது. நாற்காலியில் தலைப்பாகையுடன் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்றுகொண்டு பெண். பெண்ணுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இராது. கழுத்தில் கனமான கழுத்திரு. அதன் பாரமோ, காமிராவின் பயமோ, கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவங்க?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. வீட்டோட வந்தது. சட்டம் நல்ல தேக்கு. படம் வேண்டாம்னா எடுத்துட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர்.

திடுக்கிட்டுப் போனேன். சட்டத்துக்கு விலை உண்டு; சட்டத்துக்குள் இருக்கிற மனிதர்களுக்கு விலை இல்லை! தூசியைத் துடைத்துப் பார்த்தேன். படம் ஒட்டிய அட்டையின் வலது மூலையில், மை இல்லாமல் அழுத்திய ஒரு முத்திரை. விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் சாய்த்ததும் எழுத்துத் தெரிந்தது: ஒரு ஸ்டூடியோவின் பெயர், அதற்குக் கீழே, ரங்கூன்.

செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டிக் கடை வைத்துப் பெரும் பொருள் ஈட்டியதும், 1941 டிசம்பரில் பர்மாவில் ஜப்பானியர் குண்டு விழத் தொடங்கியதும் அந்த வாழ்வு கலைந்ததும் நமக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்துப் படம் இது. மாப்பிள்ளையின் பெயர் போய்விட்டது. பெண்ணின் பெயரும் போய்விட்டது. எடுத்தவருடைய பெயர் மட்டும் மூலையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

பெயர் வாங்குவது என்றால் இதுதானா? இந்தக் கேள்வியை மடியில் முடிந்துகொண்டு கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறினேன்.

பதினான்கு தடவை நடந்த மாப்பிள்ளை

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர். செட்டிநாட்டில் முன்பு 96 ஊர்கள் இருந்தன என்பார்கள். இப்போது 70-க்குச் சற்று மேல். கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தால், நாம் குறுகிப் போய்விட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. வீட்டின் முகப்பு ஒரு தெருவில். பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். முன் வாசலில் நின்று பார்த்தால் நிலைக்குப் பின் நிலையாக, கடைசிக் கதவு வழியே அடுத்த தெருவின் ஆடு தெரிகிறது.

உள்ளே நுழைந்தால் வளவு. நடுவில் வானம் தெரிகிற முற்றம். நாலு பக்கமும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் என்று எல்லாம் வந்து சேர்ந்த வீடுகள். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்வது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

நான் பார்க்கப் போன வீட்டில் அன்று அந்தத் தரைக்கு நல்ல வேலை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஜோடிக்குக் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து தற்செயலாக நடந்து வர வேண்டும். பெண் தற்செயலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தத் தற்செயல் சரியாக அமைவதற்காக அந்தப் பிள்ளை பதினான்கு தடவை நடந்ததை நான் எண்ணினேன். பதினைந்தாவது தடவை அவர் முகத்தில் தோன்றிய உணர்ச்சி காதல் அல்ல, தாகம். காவல்கார அம்மாள் இரக்கப்பட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்புத்தான் அன்றைய நல்ல படம். ஆனால் அப்போது போட்டோக்காரர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வெளியூர்க்காரங்க, அக்கா. வீட்டை எடுக்க வந்திருக்காங்க. ஆள் கூட வந்தது அவங்களுக்கு இடைஞ்சல்" என்று பின்னால் ஒரு மெல்லிய குரல் கேட்டது. திரும்பினேன்.

முப்பது வயதுப் பெண், கத்தரித்த முடி, பருத்திச் சேலையை இழுத்துச் செருகியிருந்தார். மறுநாள் பக்கத்து ஊரில் நடக்கப் போகிற கல்யாணத்துக்கு வெளிச்சம் பார்த்துவிட்டு, உறவுக்கார வாட்ச்மேனைப் பார்க்க இங்கே வந்தாராம். காரைக்குடியில் சொந்த ஸ்டூடியோ. நான் தேடி வந்த ஆள் இவர்தான் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. பேச்சுக் கொடுத்தேன். "எல்லாம் சொல்றேன். ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றார்.

பெயர் வாங்குவது பற்றி எழுதப் போகிற கட்டுரையில் பெயர் போடக் கூடாதாம்! காரணத்தை அப்போது அவர் சொல்லவில்லை. கதையின் நடுவில் எனக்கே விளங்கியது.

அப்பாவின் நோட்டுப் புத்தகம்

இந்த வட்டாரத்துக்கும் காமிராவுக்கும் பழைய உறவு. சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் போகுமுன் ஏவி.எம். ஸ்டூடியோ காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். அவருடைய தகப்பனாருக்குக் காமிராப் பைத்தியம் பிடித்ததே அந்தக் கொட்டகையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டதனால்தானாம்.

அப்பாவின் ஸ்டூடியோவை அப்படியே வைத்திருக்கிறார். ஏரியும் மாடிப்படியும் எழுதிய திரை ஒன்று. குழந்தைகளை உட்கார வைக்கும் மர நாற்காலி ஒன்று. மேஜை மேல் இரும்பில் ஒரு சிறு அழுத்துப் பொறி. பக்கத்தில் தடி நோட்டுப் புத்தகங்கள்.

"அப்பாவுக்கு விளம்பரம்னா மூணுதான். வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாலு படம். அட்டை மூலையில இந்த முத்திரை. மூணாவது, இந்த நோட்டு" என்று ஒன்றைப் பிரித்துக் காட்டினார். தேதி, ஊர், வீட்டுப் பெயர், நெகடிவ் எண். படத்தின் முதுகிலும் அதே எண். இருபது வருஷம் கழித்து யாராவது வந்து, "எங்க அப்பச்சி படம் கரையான் அரிச்சிருச்சு, இன்னொண்ணு போட்டுத் தாங்க" என்றால், எண்ணைப் பார்த்து நெகடிவை எடுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாராம். அப்படி ஒரு தரம் வாங்கிப் போன குடும்பம் வேறு கடை ஏறாது.

இன்னொரு விஷயமும் சொன்னார். அந்தக் காலத்துச் சதுரப் படக் காமிராவில் ஒரு ரோலுக்கு 12 படம். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோல் என்றால் 60 படம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். அப்பா முதல் ரோலை எப்போதும் வீட்டுப் பெரியவர்களுக்கே செலவு செய்வார். மரியாதைக்காக மட்டும் அல்ல. பெரியவர் ஒருவர் விட்டுப் போனால் பாக்கிப் பணம் வராது!

மகள் தொழிலுக்கு வந்தபோது ரோல் போய் டிஜிட்டல் வந்துவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கலாம்; காசு கூடாது. வாசல் கண்ணாடிப் பெட்டிக்குப் பதில் இன்ஸ்டாகிராம். அவருடைய முதல் பெயர் அங்கேதான் பிறந்தது. ஒரு மணப்பெண்ணின் மருதாணிக் கால் ஆத்தங்குடித் தரையில் பதிவதை மேலிருந்து எடுத்துப் போட்டார். அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிற்று. "அந்தத் தரையைப் படம் பிடிக்கிற பொண்ணு" என்று கோயம்புத்தூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

திறமை இல்லாமல் வந்த பெயர் அல்ல அது. வளவில் காலை வெளிச்சம் மேலிருந்து இறங்கி, வெள்ளைச் சுவரில் பட்டு, மெத்தென்று முகத்தில் விழுகிற நேரம் அவருக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். மஞ்சள் விளக்கும் நீல விளக்கும் கலந்தால் மணப்பெண்ணின் ஒரு கன்னம் மாம்பழமாகவும் மறு கன்னம் கத்தரிக்காயாகவும் ஆகிவிடும் என்று, மேடை விளக்குக்காரரோடு முதல் நாளே சண்டை போட்டுவிடுவார். ஒரே சமயத்தில் இரண்டு அட்டைகளில் படம் பதிகிற காமிராவைத்தான் தொடுவார். ராத்திரி எத்தனை மணியானாலும் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்.

சடங்கும் தெரியும். நகரத்தார் கல்யாணத்தில் குலக் கோயிலிலிருந்து மாலை வருவதும், இசைகுடிமானம் எழுதுவதும், திருப்பூட்டுவதும் எந்த வரிசையில் நடக்கும் என்று தெரியாத வெளியூர்ப் போட்டோக்காரர்கள், கோயில் மாலை வருகிற நேரம் பார்த்து இட்லி சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தவருக்குத்தான் அது நடந்தது.

ஜிமிக்கிக்குப் பின்னால்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணை இரண்டாங்கட்டில் உட்கார வைத்து அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் காதில் பரம்பரை ஜிமிக்கி. சாய்ந்த வெயில் அதன் மேல் பட்டுச் சொட்டியது. லென்ஸின் வாயை அகலத் திறந்தால், குறி வைத்த இடம் மட்டும் கூர்மையாக விழும். பின்னால் இருப்பதெல்லாம் பனியாகக் கரைந்துவிடும். அப்படி ஒரு படம் எடுத்தார். ஜிமிக்கி கண்ணைப் பறித்தது. பின்னால் பனியில் ஒரு வெண்மைத் திட்டு, பூ மாதிரி. போட்ட அன்றே ஆயிரக்கணக்கானவர் பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு படத்தைப் பார்த்தே ஆறு கல்யாணங்கள் வந்தன.

மூன்று வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து டெலிபோன். மணப்பெண்ணின் அப்பத்தா காலமாகிவிட்டார். மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணத்தில் எடுத்ததில் நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பச் சொன்னார்கள்.

"நாலாயிரத்துச் சொச்சம் படம், அக்கா. ராத்திரி பூரா ஒண்ணொண்ணாப் பார்த்தேன். ஒரு படத்துல முழங்கால். ஒண்ணுல அட்சதையோட கை. ஒண்ணுல யாரோ குறுக்கே நிக்கிறாக. முகம் இல்லை. விடியற நேரத்துலதான் கண்டுபிடிச்சேன். அந்த ஜிமிக்கிப் படத்துல பின்னால வெள்ளையாத் தெரியுதே, அது பூ இல்ல. அப்பத்தாவோட தலை."

சற்று நேரம் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த மூதாட்டி கணவரை இழந்தவர். மங்கல காரியம் நடக்கிற இடத்துக்கு முன்னே வரக் கூடாது என்று தாமாகவே இரண்டாங்கட்டில் தூணோரம் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. மணவறையைச் சுற்றியே வந்த காமிராவும் அவரை ஒதுக்கிவிட்டது. ஊர் வழக்கம் செய்ததைத்தான் காமிராவும் செய்தது. ஆனால், "நான் பார்க்கிறதுக்குத்தானே காசு வாங்கினேன்?" என்கிறார் இவர்.

டெலிபோனில் சொல்ல மனம் வராமல் நேரே போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெண்ணின் தகப்பனார் திட்டவில்லை. "சரிம்மா" என்றார். காபி கொடுத்தார்கள். கூடத்தில் மாலை போட்டு ஒரு படம் இருந்தது. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். வெளிறிய முகம், அதட்டலுக்குப் பயந்து விழித்த கண். எண்பது வருஷம் ஒரு வீட்டை ஆண்ட பெண்மணிக்கு மிஞ்சியது அதுதான்.

அவர் தம் பெயரைப் போட வேண்டாம் என்றது ஏன் என்று இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும். பெயரைப் போட்டால் வீடு தெரிந்துவிடும்.

ஒரு பக்கத்து ஒப்பந்தம்

அன்றிரவே ஜிமிக்கிப் படத்தை எடுத்துவிட்டார். பெயர் வாங்கித் தந்த படம். எடுத்ததும் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்த கல்யாணத்திலிருந்து அப்பாவின் முதல் ரோல் திரும்ப வந்தது. முதல் அரை மணி நேரம் மணப்பெண் பக்கமே போவதில்லை. வீட்டில் வயதானவர்கள் யார் யார், எந்தக் கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதல் நாளே உறவு முறையோடு எழுதி வாங்கிவிடுகிறார். அத்தனை பேரையும் எடுத்த பிறகுதான் அலங்கார அறை.

கல்யாணம் முடிந்த வாரத்துக்குள், ஆல்பம் தயாராகும் முன்பே, பெரியவர்கள் படத்தை மட்டும் காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். முதுகில் பெயர், உறவு, ஊர், தேதி. மூலையில் அப்பாவின் பொறியால் ஓர் அழுத்து.

இதனால் நஷ்டம் இல்லையா? உண்டு. சாயங்காலமே தங்கள் காட்சிகளைப் பாட்டுச் சேர்த்து உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்கிற ஜோடிகள் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள். ஒரு வருஷம் கையைக் கடித்தது. வாடகை கொடுக்கப் பெரிய லென்ஸ் ஒன்றை விற்றார். இன்றைக்கும் அரண்மனை வீடுகளில் ஜோடிகளை நடக்க வைத்துப் படம் எடுக்கிறார், சாப்பாடு வேண்டுமே! "ஆனா பதினாலு தடவை நடக்க விடமாட்டேன். மூணு தடவைக்குள்ள முடிப்பேன்" என்று சிரித்தார்.

இன்னொரு காரியமும் செய்கிறார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற வாசகிகள் இதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில்தான் அந்த 'வேறு விதமான ஒப்பந்தம்' ஒளிந்துகொண்டிருக்கிறது.

இவருடைய ஒப்பந்தம் தமிழில், ஒரே பக்கம். எந்தப் படங்களை வெளியே காட்டலாம், எவற்றைக் காட்டக் கூடாது என்று ஒரு கட்டம். அதில் மணப்பெண்ணே தன் கையால் குறிக்க வேண்டும். தகப்பனாரோ மாமனாரோ குறித்தால் செல்லாது. பாதிப் பெண்கள் 'காட்ட வேண்டாம்' என்றே குறிக்கிறார்களாம். "விளம்பரம் பாதி போச்சு. ஆனா குறிச்சுக் கொடுத்த பொண்ணு தங்கச்சி கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிடுது" என்றார்.

ஆச்சியின் பக்கத்தில்

மறுநாள் அந்தப் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். விடியற்காலை. வளவில் கோலம் காயவில்லை. முகப்பில் நாகஸ்வரம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. அலங்கார அறையிலிருந்து மல்லிகை வாசனையும், ஹேர் டிரையர் இரைச்சலும், "பின்னு எங்கடி?" என்ற கூக்குரலும் கலந்து வந்தன. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பின்கட்டுக்குப் போனார்.

தூணோரம் ஓர் ஆச்சி. வெள்ளைச் சேலை, பாம்படம் இல்லாத நீண்ட காது. மடியில் வெற்றிலைப் பெட்டி.

"என்னை எதுக்கு எடுக்குறே ஆத்தா? போயி பொண்ணை எடு."

"பொண்ணை அங்கே நாலு பேரு எடுக்குறாக, ஆச்சி. உங்களை எடுக்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

"நல்ல நாளும் அதுவுமா, என் மூஞ்சி எதுக்கு?"

பதில் சொல்லாமல் இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காமிராவை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியைப் பற்றிக் கேட்டார். அது பினாங்கிலிருந்து வந்தது. ஆச்சியின் மாமனார் கொண்டுவந்தது. "அவுக ஊருக்கு வந்தாகன்னா தெருவே மணக்கும்" என்று ஆச்சி ஆரம்பித்தார். முற்றத்து வெளிச்சம் மெல்லத் தூண் வரையில் வந்தது. ஆச்சி எதையோ நினைத்துக்கொண்டு, பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். காமிரா ஒரே ஒரு தரம் 'க்ளிக்' என்றது. பதினைந்தாவது தடவைக்கு அவசியம் இருக்கவில்லை.

அதற்குள் கல்யாணப் பெண் எங்களைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டாள். பாதி அலங்காரம், ஒரு காதில் மட்டும் தோடு. "ஆயா, இங்கே என்ன பண்றீக?" என்று பட்டுச் சேலை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அலங்காரக்காரப் பெண் கையில் சீப்புடன் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது 'க்ளிக்' அப்போது விழுந்தது.

திருப்பூட்டும் சமயத்தில், "செகண்டு பொறுங்க" என்ற குரல் எழவில்லை என்பதைக் கவனித்தேன். முகூர்த்தம் தன் பாட்டுக்கு நடந்தது. இவர் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் இலை போட்டபோது, ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேத்தி கையைப் பிடித்து முன்கட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். எதிரில் இருந்த உறவுக்கார அம்மாளிடம், "ஐப்பசியில ஒம் மகன் கல்யாணத்துக்கு அந்தப் பொண்ணையே கூப்பிடு" என்றார்.

"எந்தப் பொண்ணு ஆச்சி? பேரு என்ன?"

ஆச்சி யோசித்தார். பெயர் நினைவு வரவில்லை. "அதுதான்டி, கீழே உக்காந்து எடுக்குமே, அந்தப் பொண்ணு" என்றார்.

"ஓ, அவுகளா!" என்றாள் அந்த அம்மாள்.

திரும்புகிற வழியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். பேர் தெரியாத அந்தத் தம்பதியை, சட்டத்தோடு சேர்த்தே விலைக்கு வாங்கிவிட்டேன். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துப் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அவர்களிடம் காட்டலாம் என்று எண்ணம்.

ரயிலில் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அதை ஒரு தரம் இறக்கி, யார் யார் என்று கேட்டு, முதுகில் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். மூலையில் முத்திரை குத்தினவர் தம் வேலையை முடித்துவிட்டார். முதுகில் எழுதுவது நம் வேலை.